கழுநீரைக் கொட்டாதே: கத்திரி வெயிலில் செய்த தக்காளிப் பாஸ்தா

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாளே பள்ளத்தூர் வீட்டு அடுப்படியில் பதினொரு மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் சமையல்கட்டு பின்னால் கடைசியில் இருக்கும். முற்றத்துக் காற்று முன்கட்டுகளைக் குளிர்வித்துவிட்டு அங்கே வந்து சேர்வதற்குள் களைத்துப்போய்விடுகிறது. சோறு, குழம்பு, கூட்டு, ரசம் என்று வரிசையாக இறக்கி முடிப்பதற்குள் ஆயாவுக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்போம். அவருக்கு 82 வயது. வைகாசி முடியும்வரை மதியச் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கரண்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்பு எரியக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை.

அப்படித்தான் இந்தப் பாஸ்தாவுக்கு வந்தேன். இத்தாலியில் கோடையில் செய்யும் எளிய சாப்பாடு இது. தக்காளியை அடுப்பில் ஏற்றுவதில்லை. நறுக்கி, உப்பும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். வெந்த பாஸ்தாவைச் சூட்டோடு அதில் கொட்டிப் புரட்டுகிறார்கள். அந்தச் சூட்டிலேயே தக்காளி இளகிப் பூண்டின் காரமும் அடங்கிவிடும். கேட்க இவ்வளவு எளிதாக இருப்பது, சரியாகக் கைக்கு வர எனக்கு ஐந்து மதியங்கள் பிடித்தன. எது தவறியது, எதை மாற்றினேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

முதல் நாள் எல்லாவற்றையும் கையில் கிடைத்ததைக்கொண்டு செய்தேன். பக்கத்துக் கடையில் இருந்த ஒரு பாஸ்தா பாக்கெட், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பெங்களூர்த் தக்காளி அரைக் கிலோ, ஆறு பல் பூண்டு. பூண்டை நன்றாக நசுக்கித் தக்காளியில் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தேன். பாஸ்தா வெந்தபோது மேல்பகுதி குழைந்து, நடுவில் மட்டும் விறைப்பாக இருந்தது. வடித்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தக்காளித் துண்டுகள் நறுக்கியபோது எப்படி இருந்தனவோ அப்படியே, ஓரம் கூர்மையாக நின்றன. சாறு என்று ஒன்றுமே இறங்கவில்லை. ஆயா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பூண்டு நெஞ்சிலேயே நிற்கிறதப்பா" என்றார். இரவு வரைக்கும் எனக்கும் அது நின்றது.

பாஸ்தாவிலிருந்து தொடங்குகிறேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது சாதாரண ரவையும் மைதாவும் கலந்து செய்தது என்று தெரிந்தது. நல்ல பாஸ்தா டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில் செய்யப்படுகிறது. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். டியூரத்தில் புரதம் அதிகம். அந்தப் புரதம் வலைபோல் இறுகி மாவுச்சத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்வதால், வேகும்போது வெளிப்புறம் கரைவதில்லை. லேசான மஞ்சள் நிறமும் அந்தக் கோதுமையின் இயல்புதான். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் டியூரம் விளைகிறது. ஆகவே இறக்குமதிப் பாக்கெட்டுதான் வேண்டும் என்பதில்லை. சேர்மானப் பட்டியலில் டியூரம் ரவை என்ற ஒன்று மட்டும் இருந்தால் போதும். கூடவே மைதா இருந்தால் வாங்க வேண்டாம்.

புதிய பாக்கெட்டை ஆயா கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ரவையில் பிழிந்ததா?" என்று கேட்டார். ரங்கூன் புட்டுக்கு ரவை வறுத்து வறுத்துப் பழகிய கை அது. பிழிந்ததுதான் என்றேன். உடனே அலமாரியிலிருந்து பித்தளைத் தேன்குழல் அச்சை எடுத்துக் காட்டினார். பாஸ்தா ஆலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. ரவையைக் கெட்டியாகப் பிசைந்து, துளையிட்ட அச்சு வழியே தள்ளுகிறார்கள். அச்சு வெண்கலமாக இருந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு பூசினாற்போல் வருகிறது. டெஃப்லான் பூசிய அச்சில் வழவழப்பாக வருகிறது. சொரசொரப்பானதில்தான் சாறு பிடிக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும்: வழவழப்பானது பளபளக்கும், மற்றது மங்கலாக இருக்கும். மங்கலானதை எடுங்கள். அந்தக் காலத்தில் நேப்பிள்ஸ் பக்கத்தில் பிழிந்த பாஸ்தாவைத் தெருவோரங்களில் கழிகளில் தொங்கவிட்டுக் கடற்காற்றில் காயவைத்தார்கள் என்று சொன்னபோது, முற்றத்தில் வேட்டி விரித்து வற்றல் காயவைத்த நாட்களைப் பற்றி ஆயா அரை மணி நேரம் பேசினார். அன்று சாப்பாடு தாமதம்.

தக்காளிதான் இந்தச் சமையலின் உயிர். வேகவைக்கப்போவதில்லை என்பதால் அதன் குறையை மறைக்க வழியே கிடையாது. குழம்பில் புளிக்காத தக்காளிக்குப் புளியைக் கூட்டலாம், நிறம் இல்லாததற்கு மிளகாய்த்தூள் போடலாம். இங்கே அது முடியாது. பெங்களூர்த் தக்காளி நெடுந்தூரம் லாரியில் போவதற்கென்றே வந்த இனம். தோல் தடித்து, சதை இறுகி இருக்கும். நமக்கு வேண்டியது நாட்டுத் தக்காளி: தட்டையாக, காம்புப் பக்கம் வரிவரியாகப் பிளந்து, அமுக்கினால் நெகிழ்ந்து கொடுப்பது.

பஸ் ஏறிக் காரைக்குடிச் சந்தைக்குப் போனேன். ஓலைக் கொட்டானில் நாட்டுத் தக்காளி வைத்திருந்த ஓர் அம்மா, "ரசத்துக்கா, தொக்குக்கா?" என்று கேட்டார். வேகவைக்காமல் சாப்பிட என்றதும், போட்டிருந்த தக்காளியைத் தராசுத் தட்டிலிருந்து திரும்ப எடுத்துவிட்டு, கொட்டானின் அடியிலிருந்து வேறு தேர்ந்து போட்டார். காம்பை முகர்ந்து பார்த்து வாங்கச் சொன்னார். தக்காளியின் வாசம் காம்புப் பக்கத்தில்தான் கூடுதலாக இருக்கும். தோள்பட்டையில் சற்றுப் பச்சை இருந்தால் பழுக்கவில்லை என்று ஒதுக்கத் தேவையில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 போன்ற நம் பக்கத்து இனங்களுக்கு அந்தப் பச்சைத் தோள் பிறவிக் குணம்.

வாங்கிவந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவில்லை. 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி வாசத்தை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுதாகத் திரும்புவதில்லை. முதல் நாள் தக்காளியின் சப்புத்தன்மைக்குப் பாதிக் காரணம் இதுதான். இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இந்த வெயிலிலும் உள்ளங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அதன்மேல் ஒரு துண்டு விரித்து, காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்து அடுக்கினேன். இரண்டு நாளில் புளிப்பு தணிந்து இனிப்பு ஏறியது. சிலர் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்ப்பார்கள். இரண்டு நாள் பொறுத்தால் அது தேவைப்படவே இல்லை.

தோலை எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. வேகாத தக்காளித் தோல் வாயில் சுருண்டு நிற்கும், ஆயாவின் பல்லுக்கும் ஆகாது. இதற்குத் தனியாக அடுப்பு வைக்க வேண்டியதில்லை. பாஸ்தாவுக்குக் கொதிக்கும் தண்ணீரிலேயே, பாஸ்தா போடுவதற்கு முன், அடியில் கீறிய தக்காளியை 20 விநாடி முக்கி எடுத்தால் தோல் தானாகக் கழன்று வருகிறது. விதையை மட்டும் எடுக்காதீர்கள். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில்தான் குளுட்டமேட் செறிந்திருக்கிறது. நாக்கில் நின்று சுவைக்கும் அந்த ருசி சதையைவிட அங்கே அதிகம். பல செய்முறைகளில் விதையை நீக்கச் சொல்கிறார்கள். இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன், நீக்கியது வெறிச்சென்று இருந்தது.

ஊறவைக்கும் பாத்திரமும் முக்கியம். உப்பும் புளிப்பும் சேர்ந்து அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் அரிக்கும். வீட்டில் இருக்கும் மங்குப் பேசின், அதாவது இரும்பின்மேல் எனாமல் பூசியது, இதற்கென்றே செய்ததுபோல் அமைந்தது. கொள்ளுத்தாத்தா காலத்து இறக்குமதிச் சாமான், வெள்ளையில் நீலக் கரை போட்டது. மங்கு பெயர்ந்து இரும்பு தெரியாத பேசினாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லாதவர்களுக்குக் கண்ணாடிக் கிண்ணம் போதும்.

இத்தனையும் செய்து இரண்டாம் முறை பரிமாறியபோது வேறொரு சிக்கல். நாட்டுத் தக்காளியில் உப்புப் போட்டதும் அது தன் நீரை எல்லாம் வெளியே விட்டுவிட்டது. 800 கிராம் தக்காளிக்கு ஒரு டம்ளர் சாறு. தட்டில் பாஸ்தா ஒரு குளத்தில் கிடந்தது. மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. ருசி இருந்தது, ஆனால் அது பாஸ்தாவில் ஒட்டவில்லை. சாற்றை வடித்துக் கொட்டலாமா என்று யோசித்தேன். தக்காளியின் பாதி ருசி அதில்தான் இருக்கிறது என்பதால் மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பாஸ்தாவை வடிதட்டில் வடித்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆயா பின்னாலிருந்து கையைப் பிடித்தார். "கழுநீரைக் கொட்டலாமா? மண்டிக்கு ஆகுமே!"

மண்டி எங்கள் ஊர்ப் பக்குவம். அரிசியை முதல் முறை களைந்த தண்ணீரில் தூசி இருக்கும், அது செடிக்கு. இரண்டாம் முறை நன்றாகத் தேய்த்துக் களைந்த வெள்ளைத் தண்ணீரை எடுத்துவைத்து, அதில் புளியைக் கரைத்து, வெண்டைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாம் வதக்கிப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். தேங்காய் அரைத்து ஊற்றுவது கிடையாது, பருப்பும் கிடையாது. ஆனாலும் குழம்பு காயில் பூசினாற்போல் திரண்டு வரும். அந்தத் திரட்சி முழுவதும் கழுநீரில் கரைந்த மாவுச்சத்தின் வேலை.

பாஸ்தா வெந்த தண்ணீரும் அதேதான். எண்ணெயும் நீரும் தாமாகச் சேராது. எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துவிட்டால், நடுவில் மாவுச்சத்து நின்று அவை திரும்ப ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்கிறது. அப்போது மெல்லிய குழம்புபோல் ஆகி பாஸ்தாவின் மேல் படர்கிறது. இத்தாலியப் பாட்டிகளும் இந்தத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்துவைக்கிறார்கள். நான் அதை எங்கோ படித்தும் இருக்கிறேன். படித்தபோது அது ஒரு சின்னக் குறிப்பாக மட்டும் மனதில் நின்றது. ஆயா கையைப் பிடித்தபோதுதான், இந்தச் சமையலில் தக்காளிக்கு அடுத்த இடம் அந்தத் தண்ணீருக்கு என்று புரிந்தது.

அதிலிருந்து தண்ணீரின் அளவையும் மாற்றினேன். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நான்கு பேருக்கு 400 கிராம் என்றால் 4 லிட்டர். வைகாசியில் குடிதண்ணீரை அப்படிச் செலவழிக்க மனம் ஒப்பவில்லை. இரண்டரை லிட்டரில் செய்து பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறிக் கொடுத்தால் ஒட்டுவதில்லை. தண்ணீர் குறைவு என்பதால் மாவுச்சத்து அடர்த்தியாக இறங்குகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். உப்பு அதே விகிதத்தில், 25 கிராம். இன்னொன்றும் செய்தேன்: காலை பத்து மணிக்கே அந்தத் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி மூடி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டேன். அடுப்பில் ஏற்றும்போதே வெதுவெதுப்பாக இருந்ததால் கொதி சீக்கிரம் வந்தது.

பூண்டுக்கு ஒரு மதியம் முழுவதையும் ஒதுக்கினேன். முழுப் பல்லாக இருக்கும்போது பூண்டில் காரம் கிடையாது. அதற்குள் அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் சேர்கின்றன, அல்லிசின் உண்டாகிறது. காரமும் வாடையும் அதனுடையவை. எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு காரம். முதல் நாள் நான் உரலில் போட்டு விழுதாக்கியதோடு, ஒரு மணி நேரம் ஊறவும் விட்டேன். அதுவும் கொடைக்கானல் மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூண்டு சாதாரணப் பூண்டைவிடக் காட்டமானது. நெஞ்சில் நிற்காமல் என்ன செய்யும்?

மூன்று கிண்ணங்களில் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் விழுது. இன்னொன்றில் கத்தியின் பட்டைப் பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்த முழுப் பல், பரிமாறும்போது பொறுக்கி எடுத்துவிடுவதற்கு. மூன்றாவதில், மெல்லியதாகச் சீவி எண்ணெயில் போட்டு, மிகக் குறைந்த தணலில் வாசம் எழுந்ததும் அடுப்பை அணைத்தது. விழுது தக்காளியை முழுங்கிவிட்டது. தட்டிப் போட்ட பல், தக்காளியின் வாசத்துக்குப் பின்னால் நின்று இழுத்துப் பிடித்தது. எண்ணெயில் வாட்டியது இனிப்பாக இருந்தது, ஆனால் பச்சைப் பூண்டின் துடிப்பு அதில் இல்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். தக்காளியில் தட்டிய பல் இரண்டு, எண்ணெயில் சீவிய பல் ஒன்று. சீவிய பூண்டு ஓரம் பொன்னிறமாகும் வரை நிற்காதீர்கள், கசப்பு வந்துவிடும். நம் தாளிப்புப் பழக்கத்தில் கை தானாக அதுவரை காத்திருக்கும், அதை அடக்க வேண்டும்.

இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே நாள்கணக்கில் வைக்கக் கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும். அதன் நஞ்சை வாசத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே செய்யுங்கள். தக்காளியையும் இந்த வெயிலில் முப்பது நிமிடத்துக்கு மேல் வெளியே ஊறவிடவில்லை. சாறு இறங்க அந்த நேரம் போதும்.

எண்ணெயில் நம் வீட்டு எண்ணெய்களை வைத்து முயலாமல் விட மனமில்லை. செக்கு நல்லெண்ணெய் சேர்த்ததும் தட்டு முழுவதும் நல்லெண்ணெய் வாசம், தக்காளி எங்கோ போய்விட்டது. இட்லிப்பொடிக்கு அதுவே அமிர்தம், இங்கே இடம் வேறு. செக்குக் கடலை எண்ணெய் பரவாயில்லை, ஆயாவுக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒரு கனம் இருந்தது. வேகாத சமையலில் எண்ணெயும் ஒரு ருசிப்பொருள். ஆகவே இந்த ஒன்றுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயைச் செலவு பார்க்காமல் வாங்குங்கள். தொண்டையில் லேசாக மிளகுபோல் உறைக்கும் எண்ணெய் புதியது, நல்லது. பொமேஸ் என்று எழுதியிருப்பது, பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனக் கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. இதற்கு அது உதவாது.

இலைக்கு நான் கடையைத் தேடிப் போகவில்லை. இத்தாலியர்கள் போடும் பேசில் இலை நம் துளசி அல்ல. துளசி வேறு இனம், அதன் காரம் தக்காளியோடு சண்டை போடும். ஆனால் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் திருநீற்றுப்பச்சிலை, பேசிலின் அதே இனம். நாம் சர்பத்தில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியுடையதுதான். நம் செடியின் இலை சிறிது, வாசத்தில் கற்பூரச் சாயல் கூடுதல். அதனால் இத்தாலியச் செய்முறை சொல்லும் அளவில் பாதி போட்டேன். கத்தி வைக்காமல் கையால் கிள்ளி, கடைசியில். ஆயா அந்த இலையை இதுவரை பூச்சரத்தில் வைத்துக் கட்டித்தான் பார்த்திருக்கிறார். சாப்பிடும்போது ஓர் இலையைத் தனியாக எடுத்து வாயில் போட்டு மென்று, வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவரே பறித்துக் கழுவித் தட்டில் வைத்திருந்தார்.

காரத்துக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒன்று, விதை நீக்கிக் கிள்ளி, பூண்டு எண்ணெயில். 2023-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலாடைக்கட்டி சேர்க்கவில்லை. இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜியானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் கொண்டு திரிப்பதால், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டில் அது நுழைய முடியாது. அதனால் குறை ஒன்றுமில்லை. தென் இத்தாலியில் பாலாடைக்கட்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழைய ரொட்டியை உதிர்த்து எண்ணெயில் வறுத்துத் தூவிக்கொண்டார்கள். நானும் அதையே செய்தேன். முதலில் ரஸ்க் உடைத்துப் போட்டேன், நம் ஊர் ரஸ்கில் சர்க்கரை இருப்பதால் கெட்டுப்போயிற்று. இனிப்பில்லாத ரொட்டியை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து உதிர்த்து, இருப்புச்சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்தது சரியாக அமைந்தது. மெத்தென்ற தக்காளிக்கு நடுவில் அந்த மொறுமொறுப்பு இல்லாவிட்டால் எனக்கு இப்போது சாப்பாடு நிறைவாகத் தோன்றுவதில்லை.

தக்காளியும் பாஸ்தாவும் ஆதியிலிருந்தே ஜோடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1692-இல் நேப்பிள்ஸில் அச்சான ஒரு சமையல் நூலில் தக்காளிச் சாறு இடம்பெற்றபோதும் அதைப் பாஸ்தாவில் சேர்க்கச் சொல்லவில்லை. சேமியா போன்ற மெல்லிய பாஸ்தாவைத் தக்காளியோடு சேர்த்த செய்முறை 1839-இல் அதே நேப்பிள்ஸில் அச்சேறியது. ஆயாவிடம் இதைச் சொன்னேன். தன் மாமியார் கடைசிவரை சீமைத் தக்காளி என்றே சொன்னார், புளிதான் புளிப்பு என்று இருந்தவர் என்றார். மண்டியில் தக்காளி போடாமல் புளி கரைப்பது ஏன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தக்காளி வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்குவம் உருவாகிவிட்டது என்பது ஆயாவின் கணக்கு.

ஐந்தாம் நாள் செய்ததுதான் இப்போது எங்கள் வீட்டு முறை. நான்கு பேருக்கு: டியூரம் பாஸ்தா 400 கிராம், பழுத்த நாட்டுத் தக்காளி 800 கிராம், மலைப்பூண்டு மூன்று பல், ஆலிவ் எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, முண்டு மிளகாய் ஒன்று, திருநீற்றுப்பச்சிலை ஒரு கைப்பிடியில் பாதி, வறுத்த ரொட்டித்தூள் நான்கு மேசைக்கரண்டி, தக்காளிக்கு உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி.

தண்ணீர் கொதித்ததும் தக்காளியை முக்கி எடுத்துத் தோல் உரித்து, மங்குப் பேசினுக்கு மேலேயே கையால் பிய்த்துப் போடுகிறேன். அரிவாள்மனையில் நறுக்கினால் சாறு பலகையில் போய்விடும். உப்பும் தட்டிய பூண்டும் பாதி எண்ணெயும் சேர்த்து மூடிவைக்கிறேன். அடுப்பை அணைத்து, தண்ணீரையும் மூடிவைத்துவிட்டு, முப்பது நிமிடம் கழித்துத் திரும்பக் கொதிக்கவைத்து உப்புச் சேர்த்துப் பாஸ்தாவைப் போடுகிறேன். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அதுவே பதம். சோறு வடிக்கும்போது பருக்கையை நசுக்கிப் பார்க்கும் அதே பார்வை.

அது வேகும் நேரத்தில் அகன்ற இருப்புச்சட்டியில் மீதி எண்ணெய், சீவிய பூண்டு, மிளகாய். வாசம் எழுந்ததும், ஊறிய தக்காளியிலிருந்து சாற்றை மட்டும் வடிகட்டி அதில் ஊற்றுகிறேன். இதுதான் நான் கடைசியில் கண்டுபிடித்த வழி. சாறு ஒரு கொதி வந்ததும் பாஸ்தாவைக் கண்கரண்டியால் அள்ளி நேராக அதில் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு, அடுப்பைக் கூட்டி ஒரு நிமிடம் விடாமல் புரட்டுகிறேன். இரண்டாம் நாள் தட்டில் குளமாக நின்ற அதே சாற்றைப் பாஸ்தா குடித்துவிடுகிறது. எண்ணெயும் நீரும் சேர்ந்து, மண்டி திரளும்போது வருமே, அந்தப் பளபளப்பு வருகிறது. கரண்டியின் முதுகில் பூசி நிற்க வேண்டும். இறுகினால் இன்னும் அரைக் கரண்டித் தண்ணீர். சட்டியை இறக்கியபிறகுதான் பேசினில் இருக்கும் தக்காளிச் சதை உள்ளே போகிறது, தட்டிப் போட்ட பூண்டை எடுத்துவிட்டு. அதற்குமேல் அடுப்பு கிடையாது. இலையைக் கிள்ளிப் போட்டு, மூடி இரண்டு நிமிடம் வைத்து, ரொட்டித்தூளைத் தட்டில் போட்டபிறகு தூவுகிறேன். முன்னாலேயே தூவினால் நமத்துவிடும்.

மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் அடுப்பு இருபத்தைந்து நிமிடம் எரிந்தது. தாளிப்பு இல்லாததால் புகை இல்லை. மின்சாரம் போயிருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு முற்றத்துத் தூண் நிழலுக்குப் போனோம். ஆயா கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார், அடியில் தங்கிய சாற்றை வழித்து. மீதம் வைக்க வேண்டாம். மறுநாளைக்கு அது தக்காளி சாதம்போல் ஆகிவிடும், இந்த ருசி இருக்காது. மீதியிருந்த பாஸ்தாத் தண்ணீரில் உப்பு இருப்பதால் செடிக்கு ஊற்றவில்லை. ஆயா அதில் சாதாரணத் தண்ணீரும் புளியும் கலந்து, தனியாக உப்புச் சேர்க்காமல், அன்றிரவு வெண்டைக்காய் மண்டி வைத்தார். கோதுமைக் கழுநீரில் மண்டி சற்று வழவழப்பு கூடுதலாக இருந்தது. அரிசியே மேல் என்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த முறை இடியாப்பத்தின் மேல் இந்தத் தக்காளியை ஊற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சந்தையில் வாங்கிய தக்காளியில் பெரியதாகப் பார்த்து ஒன்றை ஆயா எனக்குக் கொடுக்காமல் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை அதைப் பிதுக்கி, விதையைச் சாம்பலில் புரட்டி, பழைய காகிதத்தில் பரப்பித் திண்ணையில் காயவைத்திருக்கிறார். ஆடிப் பட்டத்துக்கு விதைக்க, கிணற்றடியில் பாத்தி கொத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்.